விரலுக்குத் தெரியாத மரை

என் மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, பத்தாம் வகுப்பில்தான் படிக்கிறேன். அப்படியிருந்தும் உன்னைக் கூப்பிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல இப்போது எனக்கு வேறு ஆள் இல்லை. நீ வளர்ந்து, படித்து முடித்து, உன்னைப் பெண் கேட்டு யாராவது நம் வீட்டுக்கு வந்து உட்காருகிற வயதில் இதைப் படிப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு மகன் பிறந்தாலும் பிறக்கலாம். ஆனால் எனக்குக் கூடப் பிறந்தது ஓர் அக்கா மட்டும்தான். ஒரு பையனிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நீ பெண்ணாகவே இரு.

விஷயம் இதுதான். உன் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்று இருக்கிறது. அது தொழுநோய் என்று நினைக்கிறேன். ஊரில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன். காலத்தோடு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் கை பிழைக்கும். தள்ளிப்போட்டால் விரல்கள் மடங்கிப்போகும். ஆனால் மாத்திரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் கண்ணிலாவது படாமல் இருக்க முடியாது. தருமபுரி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. தெரிந்துவிட்டால் எங்கள் கார் பட்டறைக்கு ஒரு வண்டியும் வராது. பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் அக்காவைக் குழந்தைகளோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன்னைப் பெறுவதற்கு என்னை யாரும் கட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். இவ்வளவும் தெரிந்துதான் நாளைக் காலை அப்பாவிடம் நான் வாயைத் திறக்க வேண்டும். அவர் வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். வெளிச்சம் அந்தப் பக்கம் போகாதபடி சிம்னி விளக்கைத் துணிப் பெட்டிக்குப் பின்னால் வைத்து எழுதுகிறேன். அவர் புரளும்போதெல்லாம் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

அம்மா வீட்டில் இல்லை. அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனவள் அங்கேயே இருக்கிறாள். வீட்டை ஒட்டித்தான் பட்டறை. இரண்டு வண்டி நிற்கிற தகரக் கொட்டகை, ஒரு மேஜை, சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், சுவரில் ஸ்பேனர்கள். காலையில் சோறு ஆக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் வந்தால் அப்பா வண்டிக்குக் கீழே இருப்பார், அவர் கால் மட்டும் தெரியும். அந்தக் காலோடுதான் பேசுவேன். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால், "உம்" என்று கால் ஆடும். அம்மா இருந்தால் இந்த வீட்டில் சத்தம் ஓயாது. இப்போது ரயில் போகிற சத்தம்கூட உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய். மரை போன, அதாவது திருகுப் புரி தேய்ந்துபோன, ஓட்டைகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. கார் என்ஜினின் மேல்பகுதியை ஹெட் என்பார்கள். பழைய பியட் வண்டிகளுக்கு அது அலுமினியம். அதில் மாட்டுகிற ஸ்பார்க் பிளக் இரும்பு. அலுமினியத்தில் இருக்கிற மரைக்குள் இரும்பைக் கோணலாக முறுக்கினால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம் பொடிப்பொடியாக வந்துவிடும். அப்புறம் அந்த ஓட்டையில் எந்தப் பிளக்கும் நிற்காது. அதனால் பிளக்கை எடுத்தவுடன் ஸ்பேனரில் மாட்டக் கூடாது. விரலால் ஓட்டையில் வைத்து, முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் பிளக் மயிரிழை அளவு கீழே இறங்கும். மரையோடு மரை சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வலப்பக்கம் திருப்புவது. அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அப்பா அதைச் செய்யும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். போகிறவர் வருகிறவரிடம் மாடு கன்று போட்டதைப் பற்றி விசாரித்துக்கொண்டே நாலு பிளக்கையும் போட்டுவிடுவார்.

போன மழைக்காலத்திலிருந்து அவர் குனிந்து பார்த்துப் போட ஆரம்பித்தார். கண் மங்குகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு டாக்டர் வண்டியில் மரை போயிற்று. "பழைய ஹெட்டு, உளுத்துக் கெடந்துச்சு" என்றார். அடுத்து ஒரு வாடகைக் காரில் போயிற்று. அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அப்போதுதான் நிறுத்திய வண்டியின் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டே என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தோல் கருகுகிற வாடை எனக்கு வந்தது. "அப்பா, கை!" என்று கத்தினேன். எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அவர் முகம் சுளிக்கவே இல்லை. "காச்சுப்போன கை, பாப்பா. மாட்டுத் தோலு மாதிரி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த வெளுத்த திட்டை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். பேட்டரி ஆசிட் தெறித்தது என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். மெக்கானிக் வீட்டில் யார் உடம்பில் ஆசிட் தழும்பு இல்லை? என் பாவாடையிலேயே ஆசிட் ஓட்டை இருக்கிறது. வேறு வேலை செய்கிறவராக இருந்தால் அந்தத் திட்டைக் கண்டதும் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

அதற்கப்புறம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதார இலாகாவிலிருந்து ஓர் அம்மா வந்தார். எல்லாப் பெண்களையும் வரிசையில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கையிலும் முதுகிலும் பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தொட்டது தெரியாத திட்டு இருந்தால் அது தொழுநோயின் அடையாளம் என்றார். இது சாபம் இல்லை, இரத்தத்தில் வருவதில்லை, ஒரு கிருமி, மாத்திரை இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் வியாழக்கிழமை தோறும் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். எங்கள் பெஞ்சில் ஒருத்தி, தொட்ட இடத்தைக் காட்டவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "எப்பங்க தொடுவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் ஏற்கெனவே தொட்டு முடித்திருந்தார். அந்த அம்மா அவளைத் தோளில் தட்டிக்கொடுத்து, ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றார். ஆனால் மத்தியானம் சாப்பிடுகிற மரத்தடியில் அவளைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. இரண்டாம் நாள் அவள் அம்மா வந்து பையோடு கூட்டிப்போனாள். அவள் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்து நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். அவர் குழம்பில் கையை வைத்துச் சூடு தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தார்.

அன்றையிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சரி என்று உனக்குச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலும் வந்த பிறகும் பட்டறையில் நின்றுகொண்டு, "நான் வைக்கறேங்கப்பா" என்று ஒவ்வொரு பிளக்கையும் போல்ட்டையும் விரலால் தொடங்கிக் கொடுத்தேன். அவர் ஸ்பேனரால் முறுக்குவார். முதல் நாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, இதற்குத்தான் என்று நானும் சொல்லவில்லை. மரை ஒன்றும் போகவில்லை. வண்டிகள் நன்றாக ஓடின. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் தொடங்கிக் கொடுத்த ஒவ்வொரு போல்ட்டும் அவருக்கு இன்னும் ஒரு நாள் மறைத்துவைக்க உதவியது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ யாருக்காவது உதவி செய்யும்போது, அந்த உதவியால் அவர்கள் எங்கே போகாமல் நிற்கிறார்கள் என்பதையும் பார். நான் பார்க்கவில்லை.

அரைப் பரீட்சை வந்தது. நான் இல்லாத ஒரு நாளில் அதியமான்கோட்டை ரைஸ்மில்காரர் தன் பியட்டைப் பிளக் துடைத்துப் போடக் கொடுத்திருந்தார். நான் வந்தபோது அப்பா மேஜை மேல் அதன் பிளக் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மரையில் வெள்ளியாக அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது. மில்காரர் மறுநாள் வந்தார். உரக்கப் பேசுகிறவர், கெட்டவர் இல்லை.

"என்னங்க மேஸ்திரி, நல்லா ஓடுன வண்டிங்க. தொடச்சுப் போடுங்கன்னுதான் குடுத்தேன். மரை போச்சுங்கறீங்க. கழண்டது வண்டிக்கா, உங்களுக்கா?"

அப்பா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முன்ன எல்லாம் ரோட்டப் பாத்துக்கிட்டே போடுவீங்க. இப்ப டாக்டரு வண்டியும் இப்படித்தான் ஆச்சாமே. சாராயக் கடை தொறந்துட்டாங்க, சாயங்காலமானா அந்தப் பக்கம் போறீங்களா?"

அப்பா துடைப்பதை நிறுத்தினார். "ஆமாங்க" என்றார். "கொஞ்சம் போட்டுட்டேனுங்க. தப்புதானுங்க. ஓட்டையப் பெருசு பண்ணி பித்தள புஷ்ஷு போட்டுக் குடுத்துடறேனுங்க. புதுசு மாதிரி நிக்கும்."

"அடப் பாவி மனுசா! உம்மளப் போயி ஊரெல்லாம் நல்லவருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வயசுப் புள்ளய வூட்ல வெச்சுக்கிட்டு…" என்று என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி சரி, பண்ணிக் குடுங்க. இனிமே வெளக்கு வெச்சதும் வூட்ல கெடங்க."

உன் தாத்தா குடித்ததே இல்லை. இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கிறது என்று யாரோ சொன்னதால் அதைக்கூடக் குடிக்காமல் இருமிக்கொண்டே கிடந்தவர். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு உடனே புரியவில்லை. அவர் குடிக்கிறார் என்கிற பேச்சு அதற்குள் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முருங்கைக்காய்க் கட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். உள்ளே வரும்போதே சிரிப்பு.

"என்னங்க மாமா, அத்தை அந்தப் பக்கம் வந்ததும் இந்தப் பக்கம் கொண்டாட்டமா? அங்க உங்க பொண்ணு அழுவுறா. நான் சொல்லிட்டேன், ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க, எங்கப்பாரு குடிக்காம வந்த நாளு எதுன்னு கேட்டுட்டேன். என்னா, கொழுந்தியா? நீ ஒண்ணும் பயப்படாத."

அப்பா தலையைக் குனிந்து புன்னகை செய்தார். அக்கா வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். நல்ல மனிதர்தான். செய்யாத தப்பைச் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டுப் போனார். தப்பே இல்லாத ஒன்றை அவருக்குச் சொல்லியிருந்தால் அந்த வெற்றிலையைத் தொட்டிருப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். பஸ் போனதும் அப்பாவிடம் கேட்டேன்.

"நீங்க குடிக்கலையேப்பா. எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவர் வெகுநேரம் முருங்கைக்காய்க் கட்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு விரலில் அகப்படவில்லை. "எதுனா ஒண்ணு சொல்லணுமில்ல, பாப்பா" என்றார். "குடின்னா ரெண்டு நாளு பேசுவாங்க. அப்பறம் வுட்டுடுவாங்க."

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் தெரியும். எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மகளே, ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே விஷயத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒரே சட்டியில் ஆக்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். அம்மா இல்லாததால்தான் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. நான் அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன்.

இந்த வாரம் மில்காரர் வண்டிக்கு வேலை நடந்தது. மரை போன ஓட்டையில் பிளக்கை இன்னும் பலமாக முறுக்கினால் நிற்கும் என்று சிலர் முறுக்குவார்கள், மிச்சம் இருக்கிற மரையும் போய்விடும். நூல் சுற்றி, பெயிண்ட் தடவி வைப்பவர்களும் உண்டு. சூடு ஏறினால் பிளக் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். சரியான வேலை என்றால் ஓட்டையை இன்னும் பெரிதாக்க வேண்டும். கெட்டுப்போன மரை ஒன்றுவிடாமல் போகிற வரைக்கும் டிரில் போட்டு, நல்ல உலோகம் தெரிகிற இடத்தில் புதிதாகப் பெரிய மரை வெட்டி, லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ்ஷை அதில் இறக்க வேண்டும். புஷ்ஷின் உள்பக்கம் பிளக்குக்கான மரை இருக்கும். தூள் என்ஜினுக்குள் விழக் கூடாது என்று அப்பா ஹெட்டையே கழற்றி வைஸில் மாட்டினார். டிரில் போட்டார். அதற்குக் கண்ணும் தோளும் போதும். மரை வெட்டுகிற டேப்பைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். டேப் கோணலாக இறங்கினால் ஹெட் முழுவதும் பாழ்.

"கையில எண்ணெ, வழுக்குது" என்றார். "நேரா நிக்குதான்னு நான் பாக்குறேன். நீ திருப்பு."

அவர் கையில் எண்ணெய் இல்லை. நான் டேப்பின் கைப்பிடியை இரண்டு பக்கமும் பிடித்து, மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சுற்று முன்னால், அரைச் சுற்றுப் பின்னால் என்று திருப்பினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கம் இருந்து பார்த்தார், பிறகு பக்கவாட்டில் இருந்து பார்த்தார். "உம். உம். அப்படியே" என்றார். அலுமினியம் சுருள் சுருளாக வந்தது. உள்ளங்கை எரிந்தது எனக்கு. எரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன், பிறகு அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். புஷ் கடைசி வரை நேராக இறங்கியது. அது பிளக்கோடு திரும்பி வராமல் இருக்க அப்பா அதன் விளிம்பில் புள்ளி வைத்து அடித்தார். விரலால் தடவிப் பார்த்தார், பிறகு கன்னத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கன்னத்தில் உணர்ச்சி இருக்கிறது போலும்.

"ஹெட்டுக்கு நீ மரை வெட்டுனன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத. ரெண்டு பேருக்கும் சோறு கெடைக்காது" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர் தேட ஆரம்பித்தார். அவர் கைக்குப் பக்கத்திலேயே அது இருந்தது.

இன்று சாயங்காலம் ஹெட்டைத் திரும்ப மாட்டி முடித்தோம். பிளக்குகள் மட்டும் பாக்கி. நாளைக் காலை அவற்றைப் போட்டுவிட்டால் மில்காரர் வந்து வண்டியை எடுத்துப்போவார். நாளை வியாழக்கிழமை. நான் நினைத்துவைத்திருப்பது இதுதான். காலையில் அவர் என்னைக் கூப்பிடாமலே எனக்காக நகர்ந்து இடம் விடுவார், இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார். நான் பிளக்கைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைப்பேன். வைத்துவிட்டு என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். "இனிமே நான் வைக்க மாட்டேங்கப்பா. உங்களுக்கு விரல்ல தெரியலைன்னு எனக்குத் தெரியும். வாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட வர்றேன்" என்பேன். இதை இன்று எத்தனை தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் "தெரியும்" என்கிற இடத்தில் நின்றுவிடுகிறேன். அவர் கோபித்துக்கொண்டால் தாங்கிக்கொள்வேன். அவர் அழுதுவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் தானே பிளக்கை வைத்து முறுக்க ஆரம்பித்தால், பாடுபட்டுப் போட்ட புஷ்ஷும் போகும். போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற தைரியம் எனக்கு வேண்டும்.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், விளக்கில் எண்ணெய் குறைகிறது. உன்னைக் கேட்டு வருகிறவர்களிடம் தாத்தாவுக்கு இது இருந்தது என்று முதல் நாளே சொல்லிவிடு. காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. கேட்டுவிட்டு எழுந்துபோனால் போகட்டும். உட்கார்ந்திருக்கிறவனை மட்டும் நிமிர்ந்து பார். இது இரத்தத்தில் வருவதில்லை என்று அந்தச் சுகாதார அம்மா சொன்னதை அப்படியே சொல். அவர்களுக்காக மட்டும் இல்லை, உனக்காகவும் சொல். நீயும் ராத்திரியில் உன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா யாராக இருந்தாலும், அவரிடம் நான் இதை மறைக்க மாட்டேன் என்று உனக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். மறைத்துத்தான் நீ பிறக்க வேண்டும் என்றால், நீ பிறக்காமலே இருந்துவிடு, கண்ணு. என்னை மன்னித்துக்கொள்.

வெளியே கட்டில் கிரீச்சிடுகிறது. அவரும் தூங்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்று நினைக்கிறேன், இருட்டில் சொல்வது எளிதாக இருக்கலாம். ஆனால் பிளக் கையில் இல்லாமல் சொன்னால் அவர் சிரித்து மழுப்பிவிடுவார். காலை வரை இருக்க வேண்டும்.

எனக்கு இப்போது உன் மேல் பொறாமையாக இருக்கிறது. நாளைக்கு நடக்கப்போவது உனக்கு எப்போதோ நடந்து முடிந்த கதை. உன்னை அவர் தூக்கியிருப்பார், தெருவில் கைபிடித்து நடத்திக்கொண்டு போயிருப்பார். அந்தக் கையில் விரல்கள் நேராக இருந்தனவா, மடங்கியிருந்தனவா என்பது உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

உன் அம்மா